சங்கிலிப் பொத்தான்

திரையில் ஒரு குத்துவிளக்கு. பாத்திரக் கடையின் விலைப்பட்டியலுக்கான படம். பித்தளை விளிம்பை ஒட்டி பென் டூலால் பாத் போட்டாயிற்று. உச்சியில் இருக்கும் அன்னத்தின் கழுத்தில் மட்டும் புள்ளிகள் கொஞ்சம் நெருக்கம். விளக்கு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது.

லேயரைத் திருப்பினால் விளக்கு நிமிர்கிறது, பாத் பழைய சாய்விலேயே நிற்கிறது.

ஃபோட்டோஷாப்பில் பாத் தேர்வில் இருக்கும்போது கன்ட்ரோல்-டி அழுத்தினால் நேர்மாறு: பாத் திரும்பும், படம் அசையாது. இதில் மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் கணக்கில் சாதாரண பாத் முழு ஆவணத்துக்கும் பொது, எந்த லேயருக்கும் சொந்தமில்லை. ஆவணத்தையே திருப்பினால் கூடவே வந்துவிடும். ஒரு லேயரோடு மட்டும் பிணைக்க வேண்டுமென்றால் அதை வெக்டர் மாஸ்க் ஆக்கவேண்டும். லேயரின் சிறுபடத்துக்கும் மாஸ்க்கின் சிறுபடத்துக்கும் நடுவே குட்டிச் சங்கிலி தோன்றும். கிம்ப் 2.10-இல் லேயர் பட்டியலிலும் பாத் பட்டியலிலும் கண் அடையாளத்துக்குப் பக்கத்திலேயே சங்கிலிக்கு இடம் உண்டு. இரண்டிலும் போட்டுவிட்டால் ஒன்றைத் திருப்ப மற்றதும் திரும்பும்.

என் யோசனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சேர்ந்து திரும்பினாலும் இரண்டுக்கும் ஆகிற செலவு வேறு. பாத் என்பது பெஸியே வளைவு. பியர் பெஸியே 1960-களில் ரெனோ நிறுவனத்தில் கார் உடலின் வளைவுகளுக்குப் பயன்படுத்திய அதே கணக்கு. ஒரு துண்டுக்கு நான்கே புள்ளிகள். அந்த நான்கையும் திருப்பிவிட்டால் வளைவு முழுவதும் பிசகாமல் திரும்பிவிடும். படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். பைகியூபிக் முறையில் சுற்றியுள்ள 16 பிக்சல்களைக் கலந்து. திருப்பிப் பதிந்ததை மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால், பாத் அச்சு அசலாக வந்து சேரும். அன்னத்தின் அலகில் இருந்த கூர்மை சற்று மழுங்கியிருக்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவைத்தால் மூலம் பத்திரம். எத்தனை முறை திருப்பினாலும் கணக்கு மூலத்திலிருந்தே தொடங்கும்.

பாத்தின் இந்த நேர்மைக்கும் எல்லை உண்டு. திருப்புதல், பெருக்குதல், சாய்த்தல் வரை சரி. பர்ஸ்பெக்டிவ் என்று வந்தால் நான்கு புள்ளிகளை மட்டும் நகர்த்துவது போதாது. நடுவில் வளைவு விளிம்பைவிட்டு மயிரிழை விலகும். அங்கே புள்ளிகளைக் கூட்டி, பெரிதாக்கிப் பார்த்து, கையால் இழுத்துத்தான் ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது.