சாவி ஓரிடம், பழி வேறிடம்

முதலியார்பேட்டையில் ஒரு வீட்டார் புதுச்சேரி மக்களவைத் தொகுதிக்கு ஓட்டுப் போடுவார்கள். பக்கத்து வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள், பிரான்சின் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுவார்கள். பிரான்சின் அணுகுண்டுக்கு உத்தரவிடும் அதிகாரம் அந்த அதிபருக்கே உண்டு. இந்தியாவில், 2003 ஜனவரி 4 அன்று அறிவித்த கொள்கைப்படி, பிரதமர் தலைமையிலான அரசியல் குழு அனுமதிக்காமல் அணு ஆயுதம் கிளம்பாது. எந்த வீட்டு ஓட்டானாலும் ஒரு சாவியைத்தான் யாரிடமோ ஒப்படைக்கிறது.

சாவி மேலே இருக்கும்போது பழி மட்டும் ஏன் கீழேயே நின்றுவிடுகிறது?

2022 மார்ச் 9 மாலை, இந்திய விமானப்படையின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதில் அணுகுண்டும் இல்லை. ஆனால் எதிரியின் ரேடார் திரையில் அது வெறும் புள்ளி. உள்ளே என்ன இருக்கிறது என்று புள்ளியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. யோசிக்கக் கிடைத்ததோ சில நிமிடங்கள். பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையை முன்கூட்டித் தெரிவிக்க 2005-இல் ஓர் ஒப்பந்தம், அணு ஆயுத விபத்தைத் தெரிவிக்க 2007-இல் இன்னொன்று என இரு நாடுகளும் செய்துகொண்டிருந்தன. குரூஸ் ஏவுகணையான பிரமோஸ் இரண்டுக்கும் நடுவே நழுவிப்போனது. இந்திய அரசு பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது மார்ச் 11 அன்றுதான்.

ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். விதிமுறையை மீறினார்கள் என்றது விசாரணை. மீறியவருக்குத் தண்டனை நியாயமே. ஆனால் மூன்று பேர் பிசகினால் ஏவுகணையே கிளம்பிவிடும் என்றால், அந்த ஏற்பாட்டை வகுத்தவர், மேற்பார்த்தவர் யார்?

2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் மைனாட் தளத்திலிருந்து ஆறு அணு ஏவுகணைகள், அணுகுண்டு இருப்பதே தெரியாமல் விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டன. அதற்கும் பின்னர் வெளிவந்த இன்னொரு கவனக்குறைவுக்குமாகச் சேர்த்து, 2008 ஜூனில் விமானப்படைச் செயலரும் தலைமைத் தளபதியும் பதவி இழந்தார்கள். ஆறு ஏவுகணைகளையும் ஏற்றியவை அவர்கள் கைகள் அல்ல.

இரகசியம் வேண்டும் என்பார்கள். ஆயுதம் எங்கே இருக்கிறது, குறியீடு என்ன என்பதெல்லாம் மறைய வேண்டியவைதான். அதில் சமரசம் கூடாது. நடந்த தவறு எந்தப் படியில் தடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கில் சேராது. அதை மறைத்தால் காப்பாற்றப்படுவது நாடல்ல, நாற்காலி.

ஓட்டுக் கேட்டு முதலியார்பேட்டைக்கு வருகிறவரிடம் குடிநீரைப் பற்றிக் கேட்கிறார்கள், சாக்கடையைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த மார்ச் மாலையைப் பற்றியும் கேட்கலாம்.