கெண்டிச் செடியும் இயற்கையின் நியாயமும்

நமது வகுப்பறைத் தாழ்வாரத்தில் கெண்டிச் செடியொன்று தொங்குகின்றது. சென்ற மாரிகாலத்தில் ஒருநாள், அதன் விளிம்பிலிருந்து எறும்பொன்று வழுக்கி உள்ளே வீழ்வதை மாணவர் சிலர் பார்த்து நின்றனர். அவர்களுள் ஒருவன் நம்மிடம் கேட்டான்: “சேர், வாயில்லாத செடியே உயிரைக் கொன்று தின்கிறது. பின்னர் மனிதன் மனிதனைச் சுரண்டுவதை மட்டும் ஏன் பிழை என்கிறோம்? அதுவும் இயற்கையின் விதிதானே?”

வினவியவன் சிறுவன், வினா சிறியதன்று. வலியோர் மெலியோரை விழுங்குவது உலக நியதி என்னும் வாதம் ஆதிக்கம் செலுத்துவோரின் வாயில் பலமுறை கேட்கப்பட்டதே. ஹேர்பேட் ஸ்பென்சர் 1864 இல் ‘தக்கன பிழைத்தல்’ என்ற தொடரை வழங்கிய பின்னர், செல்வமே தகுதிக்குச் சான்று எனக் காட்ட முனைந்தோர் அதனைத் தமது கேடயமாக்கிக் கொண்டனர். ஆகவே செடியைப் பற்றிய உண்மையை முதலில் அறிவோம்.

இது நம் தீவுக்கே உரிய செடி. தென்மேற்கு ஈரவலயத்தில், சிங்கராஜ வனத்தை அண்டிய இடங்கள் போன்ற ஈரமான நிலங்களில் கொடியாகப் படர்வது. சிங்கள மக்கள் இதனைப் பாந்துரா என்பர். லின்னேயசு 1753 இல் இதற்கு நெப்பந்திசு டிஸ்ரிலற்றோரியா என்று பெயர் வகுத்தார். இது வளரும் மண்ணில் நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைவு. இலையின் நுனி தந்தாக நீண்டு, அதன் முனை கெண்டியாகப் பருக்கின்றது. விளிம்பிலே தேன் சுரக்கும். ஈரம் பட்டால் அவ்விளிம்பு வழுக்கும். உள்ளே வீழ்ந்த பூச்சி அங்குள்ள நீரில் அமிழ்ந்து சமிபாடடையும். மாவுப் பொருளை இச்செடியும் ஏனைய செடிகளைப் போலவே சூரிய ஒளியைக் கொண்டு ஆக்குகின்றது. பூச்சியிடமிருந்து அது பெறுவது மண் கொடுக்காத சத்தையே.

இவ்வளவும் அறிந்தவுடன், ‘மண்ணின் வறுமையே கொலைக்குக் காரணம், ஆதலால் சூழலே குணத்தைத் தீர்மானிக்கின்றது’ என்று மாணவனுக்கு விடை கூறிவிடலாம். முற்போக்கு எண்ணமுடையோர்க்கு அவ்விடை இனிக்கவும் செய்யும். ஆயின் அதுவும் அவன் செய்த தவற்றையே செய்கின்றது. செடியிடம் மனிதருக்கான நீதியைத் தேடுகின்றது. போர்ணியோத் தீவின் மலைகளில் இதே குடும்பத்துச் செடியொன்று உண்டு. அது தன் மூடியில் இனிப்புப் பொருளைச் சுரந்து மரமூஞ்சூறுக்கு ஊட்டி, அதன் எச்சத்தைக் கெண்டியில் ஏற்றுக்கொள்கின்றது. முதிர்ந்த செடியின் இலையிலுள்ள நைதரசனில் பாதிக்கு மேற்பட்டது அவ்வெச்சத்திலிருந்தே கிடைக்கின்றது என்று 2009 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அத்தீவின் இன்னொரு செடி வௌவாலுக்குப் பகலிலே தங்குமிடம் அளித்து, அதன் எச்சத்தால் வளர்கின்றது. கொடுமைக்குச் சான்று தேடுபவனுக்கு நம் தாழ்வாரத்துச் செடி போதும். கூட்டுறவுக்குச் சான்று தேடுபவனுக்குப் போர்ணியோச் செடி போதும். சான்றைத் தெரிவு செய்பவன் மனிதன். அத்தெரிவுக்கான பொறுப்பும் அவனுடையதே. எறும்பை வீழ்த்துவதன்றிச் செடிக்கு வேறு வழி தெரியாது. கூலியைக் குறைப்பவனுக்கு வேறு வழி தெரியும்.

அவ்வாறாயின் இச்செடியிடம் நாம் கற்க எதுவுமே இல்லையா? உண்டு. அதனைச் செடி கற்பிக்கவில்லை; அதனிடத்து நாம் இழைத்த தவறு கற்பித்தது.

தாழ்வாரத்தில் இன்றுள்ளது நமது இரண்டாவது செடி. முதலாவதனை இரத்தினபுரிப் பக்கத்திலிருந்த நண்பரிடம் நாமே கேட்டுப் பெற்றோம். அவர் காட்டோரத்திலிருந்து வேரோடு பிடுங்கி அனுப்பினார். நல்ல செம்மண்ணில் நட்டோம், ஆட்டெரு இட்டோம், கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றினோம், முற்றத்து வெயிலில் வைத்தோம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் செய்வதிற் குறைவின்றிச் செய்தோம். சில கிழமைகளில் அது கருகி மடிந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் ஊறிய நீரின் உப்பையும், எருவின் காரத்தையும் தாங்கும் வேரன்று அது. இரண்டாவதனை வீட்டுத் தோட்டமொன்றில் வெட்டிய தண்டிலிருந்து முளைக்க வைத்தோம். தும்பும் கரியும் மணலும் கலந்த சாடி, சேமித்த மழைநீர், காலை ஒளி, காற்றில் ஈரம் ஆகியவையே அதற்கு வேண்டியிருந்தன. நைதரசன் மிகுதியாகக் கிடைத்தால் இச்செடி கெண்டி உண்டாக்குவதையே குறைத்துக் கொள்ளும். முதற் செடியிடம் நம் அன்பு குறையவில்லை; அதன் தேவையை அறியும் முயற்சியே குறைந்தது.

இக்கதையை நாம் கூறக் கேட்ட நண்பர் ஒருவர், “தோட்டத் தொழிலாளரும் இப்படித்தான், வசதியைக் கொடுத்தால் கெட்டுவிடுவார்கள்” என்றார். நாம் திடுக்கிட்டோம். நம் உவமையே பகைவர் கையில் ஆயுதமாயிற்று. செடியின் தேவையை நாம் பரிசோதித்தே அறிய வேண்டும், அதற்கு வாயில்லை. மனிதனுக்கு வாயுண்டு. நாளொன்றுக்கு 1000 ரூபா வேண்டுமெனத் தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகளாகக் கேட்டனர். 2021 இலேதான் சம்பளச் சபை அதற்கு இணங்கிற்று. தம் தேவையைத் தாமே கூறுபவரிடம், ‘உமக்குப் பொருந்துவது வறுமையே’ என்று கூறுவது அறியாமையன்று, அநீதி.

இன்னொன்றையும் மறைத்தல் தகாது. நம் முதற் செடி காட்டிற்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் செல்வரின் கண்ணாடி வீடுகளுக்காக வீச் நிறுவனம் போர்ணியோவின் கினபாலு மலைவரை ஆளனுப்பிச் செடி திரட்டிற்று. மேற்குக் கலிமந்தானில் கெலாம் என்னும் ஒற்றைக் குன்றில் மட்டும் வளரும் ஓரினம், தீயினாலும் சேகரிப்போரின் ஆசையினாலும் அழிவின் விளிம்பில் நிற்கின்றது. கினபாலுவின் பெருங்கெண்டியையும் மேகாலயத்தின் கெண்டியையும் சர்வதேச வணிகத்திலிருந்து காக்க உடன்படிக்கை உண்டு. அழகை நேசித்தோரே அழகை அருகச் செய்தனர். நண்பருக்கு நாம் எழுதிய கடிதமும் அவ்வழியிற் சென்றதே.

மாணவனுக்கு இவற்றையெல்லாம் கூறினோம். அவன் சற்றுநேரம் யோசித்து, “அப்படியானால் எது சரி, எது பிழை என்று எதைக் கொண்டு அறிவது?” என்றான்.

“யாருக்குக் கேடு நேர்கின்றதோ, அவரிடம் கேட்டு,” என்றோம்.

அவன் விடவில்லை. “கேட்டும் கொடுக்காவிட்டால்?”

அவ்வினாவுக்குரிய விடை தாழ்வாரத்தில் இல்லை. அன்று மாலை மழை பெய்தது. மாணவரும் நாமும் கூரை விளிம்பில் வாளிகளை வைத்து நீரைச் சேர்த்தோம். செடிக்கு அது போதும். மனிதருக்குப் போதாது என்பதை அவன் நம்மினும் முன்னரே உணர்ந்துவிட்டான்.