வண்ணம் மாறினால் ஆளும் மாறுமா?

பிரெஞ்சு ஓவியர் பிரான்சிஸ் பிக்காபியா (1879–1953) இளமையில் இம்ப்ரஷனிசப் பாணி நிலக்காட்சிகளால் பெயர் எடுத்தவர். லுவான் ஆற்றங்கரைக் காட்சிகளை எட்சிங் அச்சாகவும் செய்தார். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுக்கும் முறை அது. வண்ணத்தை நம்பிய பாணி இங்கே கறுப்பு மைக்குள் அடங்கிவிடுகிறது. தண்ணீரில் விழும் வெயிலாக நமக்குத் தெரிவது மை படாத தாள்தான். பின்பு அதே கை கியூபிசம், டாடா, இயந்திர வரைபடம், நிர்வாண உருவங்கள் என்று தாவிக்கொண்டே போனது. இத்தனை மாறியவருக்குள் மாறாத ஒருவர் உண்டா?

கொழும்பில் இக்கேள்விக்கு இரண்டு விடைகள் அருகருகே வாழ்கின்றன. மாற்றங்களின் தொடர்ச்சி உண்டு, மாறுபவர் என்று எவரும் இல்லை என்பது பௌத்தம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சைவநெறி படித்தவருக்கு மெய்கண்டாரின் சைவ சித்தாந்த மரபின் விடை தெரிந்திருக்கும்: ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும், பூவின் நிறத்தைக் காட்டும்போதும் படிகம் படிகமே. நான் சித்தாந்தத்தின் பக்கம் நிற்கிறேன். பிக்காபியாவின் நிலக்காட்சிகள் பலவும் அஞ்சலட்டைப் படங்களைப் பார்த்து வரைந்தவை. இயந்திர ஓவியங்களுக்குத் தொழில்நுட்ப வரைபடங்கள் உதவின. 1940களின் நிர்வாண உருவங்களுக்குச் சஞ்சிகைப் புகைப்படங்கள். பாணிகள் போயின, சார்ந்து நிற்கும் இயல்பு போகவில்லை. அந்த இயல்புக்கு உரியவர் ஒருவர் வேண்டாமா?

சந்தைக்காக மாறினார் என்று சிலர் சொல்லக்கூடும். நன்றாக விற்ற பாணியையே அவர் 1909 வாக்கில் கைவிட்டார். ஆகவே அந்த வாதம் நிற்காது. பௌத்தரின் மறுப்பு இதைவிட வலியது: பழக்கம் தொடர்வதற்குச் சம்ஸ்காரங்களின் (மனப்பதிவுகளின்) ஓட்டமே போதும், ஆன்மா எதற்கு? தொடர்ச்சிக்கு அது போதும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிக்காபியா செய்ததுபோலப் பற்றியதை விடுவதற்கு, பற்றியதிலிருந்து தன்னை வேறாக அறியும் ஒருவர் வேண்டும். ஓட்டம் ஓடும், தன் போக்கை எடைபோட்டு மறுக்காது. இது ஆன்மாவை நிறுவிவிடாது என்பதும் உண்மை. நிறுவும் சுமையை மறுப்பவர் பக்கமும் வைக்கிறது, அவ்வளவே.

இதே கேள்வியைக் கொழும்பிலேயே ஒரு சுவரின் முன் நின்றும் கேட்கலாம். இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் (1901–1993) பொரளை கௌதமி விகாரைச் சுவர்களில் 1939–40இல் புத்தர் வரலாற்றை வரைந்தார். அக்காலத்தையொட்டியே கீத கோவிந்தத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்நூலின் கண்ணனையும் ராதையையும் பிற்பாடு திரும்பத் திரும்பத் தீட்டினார். சித்திரித்த சமயம் மாறியது, உடலைச் சுற்றி அறாமல் ஓடும் அந்தக் கோடு மாறவில்லை. வெள்ளவத்தையிலிருந்து பொரளை தொலைவில்லை. சைவரும் பௌத்தரும் ஒருமுறை சேர்ந்து போய் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு இந்த வழக்கைத் தொடரட்டும்.