வேலைக்குப் போகிறவளும் வேலை கிடைக்காதவனும்

நம் மொழியில் ‘வேலைக்குப் போவது’ வேறு. ‘வேலை கிடைப்பது’ வேறு. தாய் முப்பது ஆண்டுகளாக வேலைக்குப் போகிறாள்; அதே வீட்டில் மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இப்படிச் சொல்வதில் யாருக்கும் முரண்பாடு தோன்றுவதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் இத்தகைய வீடுகள் ஏராளம். கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து காலையிலேயே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருகின்றன. அங்கே தோட்டக்காரர் ‘ஆள் கிடைக்கவில்லை’ என்கிறார். வடமாநிலங்களிலிருந்து ஆள் வரவழைக்கிறார். இங்கே பட்டதாரி ‘வேலை கிடைக்கவில்லை’ என்கிறான். இருவர் சொல்வதும் உண்மையே. 2024-இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 6,244 இடங்களுக்குத் தொகுதி நான்கு தேர்வை அறிவித்தபோது, விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர்!

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை’ என்று தீர்ப்புச் சொல்வது சுலபம். அப்படிச் சொல்கிற பெரியவர்கள் தங்கள் பிள்ளையை அந்த ஜீப்பில் ஏற்றி அனுப்புவார்களா?

பறித்த ஏலக்காய்க்குப் போடியில் ஏலம் நடக்கிறது. விலை இறங்கினால் மூட்டையைக் கட்டி வைத்து, நல்ல விலை வரும் வரை காத்திருக்கலாம். பறித்த கைகளுக்கு அந்த வசதி இல்லை. இன்று விற்காத உழைப்பு இன்று மாலையோடு போயிற்று. சரக்கை அனுப்பிவிட்டு வியாபாரி வீட்டில் இருக்கலாம். உழைப்பை விற்கிறவளோ சரக்கோடு தானும் போகவேண்டும், மழையிலும் மலைப்பாதையின் வளைவுகளிலும். உழைப்பு விற்பனைப் பண்டம் அன்று என்று 1944-இல் பிலடெல்பியாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு பிரகடனம் செய்தது. ஆயினும் நாம் இன்றும் கூசாமல் ‘வேலைச் சந்தை’ என்கிறோம்.

மகன் என்னதான் கேட்கிறான்? காய்ச்சலில் படுத்தாலும் நிற்காத சம்பளம். ‘ஏய்’ என்று கூப்பிடாத மேலதிகாரி. முதுமையில் கையேந்தாத வாழ்வு. மூன்றும் தாய்க்குக் கிடைக்காதவை. அவற்றை அவன் கேட்பது பேராசை ஆகாது. ஆனால் அவன் தேர்வுக்குப் படிக்கும் புத்தகம் அவள் கூலியில் வாங்கியது. அவள் செய்வதை வேலையாக எண்ண அவனும் மறுத்தால், அது நன்றி கெட்ட செயலாகும்.

20 இலட்சம் நாற்காலிகளை எந்த அரசாலும் செய்து போட முடியாது. அந்த மூன்றையும் கூலி வேலைக்குச் சேர்த்துக் கொடுக்கும்படி கேட்க முடியும். கேட்க வேண்டியவர்களில் முதல்வன், படித்த அந்த மகன்தான்.