பாதிக் கொக்குகள்

நிலை

ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைகிறவரின் நோட்டில் முழுப் பறவை அபூர்வம். ஒரு பக்கத்தில் ஒரு கழுத்து, ஒரு கால், திரும்பிய தலை ஒன்று, எங்கோ ஓர் அலகு. பென்சில் காகிதத்தைத் தொட்டதும் பறவை அசைந்துவிடும். அப்போது பாதியில் நின்றதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்க வேண்டும். அதுவும் பாதியில் நிற்கும். இன்னொன்று. இப்படிப் பக்கம் நிறைந்துகொண்டிருக்கும்போது, முதலில் வரைந்த பறவையோ அதன் அருகில் நிற்கும் வேறொன்றோ பழைய நிலைக்கு வந்து நிற்கும். திரும்பிப் போய் இரண்டு கோடு சேர்க்கலாம்.

பறவை சும்மா இருக்கும் நேரத்தில் மாறி மாறிச் செய்பவை சில காரியங்கள்தாம். மார்புச் சிறகைக் கோதும், தோளில் அலகைச் செருகும், ஒற்றைக் காலுக்கு மாறும், உடம்பை உலுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை. போன நிலை திரும்பி வரும் என்று தெரிந்துவிட்டால் கையில் பதற்றம் குறைகிறது, கோடு நீளமாக ஓடுகிறது.

எல்லோரையும்விடப் பொறுமையாக நமக்கு முன் நிற்பது பாம்புத்தாரா. அதன் சிறகு நன்றாக நனைந்துவிடும். நனைவதால்தான் அது நீருக்குள் எளிதில் அமிழ்ந்து மீனைத் துரத்துகிறது. அதற்கான விலையாக, கரையேறி இரண்டு இறக்கைகளையும் விரித்து நெடுநேரம் வெயில் காய வேண்டியிருக்கிறது. அது காயும் நேரமெல்லாம் வரைகிறவருக்குக் கிடைத்த நேரம்.

எலும்பு

கொக்கின் கழுத்து சீராக வளைவதில்லை. ஓரிடத்தில் ஒடிந்தாற்போல ஒரு கோணம் தெரியும். கழுத்தெலும்புகளில் ஆறாவது மற்றவற்றைவிட நீண்டிருப்பதால் கழுத்து அங்கே மடங்குகிறது. அலகை மின்னல் வேகத்தில் மீன்மேல் செலுத்துவதற்கு அந்த மடிப்பு வேண்டும். அழகான வளைவாக வரைந்துவிட்டால் கொக்கு பார்க்க நன்றாக இருக்கும், மீன் பிடிக்காது.

பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொள்கிறது. நாரையும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் நீட்டிக்கொண்டு பறக்கின்றன. மிகத் தொலைவில் வெறும் கறுப்புப் புள்ளிகளாகப் போகும் கூட்டத்தையும் இதை வைத்துப் பிரித்து வரையலாம்.

காலில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் என்று தோன்றும். அது கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றோரச் சிறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. பாதத்துக்கு நேர்மேலே உடம்பின் பாரம் வந்து உட்காரும்படி அந்த மறைந்த மூட்டையும் மனத்தில் வைத்து வரைந்தால்தான் நாரை காகிதத்தில் நிற்கும்.

இடைவெளி

நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். வளர்ந்த பறவைக்குத்தான் அது. குஞ்சின் அலகு நேராக, இடைவெளியில்லாமல் இருக்கும். கூட்டுக்குள் நிற்பது தாயா பிள்ளையா என்பதற்கு அந்தச் சந்து ஒரு சாட்சி.

அந்த இடைவெளியை எந்தக் கோட்டாலும் வரைய முடியாது. மேலே ஒரு விளிம்பு, கீழே ஒரு விளிம்பு, அவ்வளவே. அதற்குள் தெரிவது பின்னாலிருக்கும் வானம், அல்லது இலை. நாரையின் முகத்தில் நாரைக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தீட்டினால்தான் நாரை முழுமையாகிறது.

வெள்ளை

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். சைனீஸ் ஒயிட் என்று டியூப் விற்கிறார்கள். பூசினால் மேலே படிந்து நிற்கும், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. நீர்வண்ணத்தின் ஒளி வேறு வழியில் வருகிறது. வெளிச்சம் மெல்லிய வண்ணத்தைக் கடந்து உள்ளே போய், காகிதத்தில் பட்டுத் திரும்புகிறது. வண்ணமே இல்லாத இடத்தில் தடையின்றித் திரும்புகிறது. அங்கே கொக்கு இருக்கிறது.

ஆகவே கொக்கு வரைய வேண்டுமென்றால் கொக்கைத் தவிர மற்றதையெல்லாம் தீட்ட வேண்டும். பின்னால் இருக்கும் நீரை, நாணலை, மரத்தின் இருட்டை. தூரிகை கொக்கின் விளிம்புவரை வந்து நிற்க வேண்டும். எங்கே தொடக்கூடாது என்பதை முதல் துளி விழும் முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பிறகு மனம் மாறிப் பயனில்லை. காகிதம் ஒருமுறை கறைபட்டால் பழைய வெள்ளை திரும்பாது.

முழுக்க வெள்ளையாகவும் விட்டுவிட முடியாது. வெயிலுக்கு மறுபக்கம் ஒரு சாம்பல் நீலம் இருக்கும். அல்ட்ராமரைனில் துளி பர்ன்ட் சியன்னா கலந்தால் அந்த நிறம் வரும். நீருக்கு அருகில் நிற்கும் கொக்கின் அடிவயிற்றில் நீரின் பச்சை லேசாக ஏறியிருக்கும். அதைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அதன்பின் வெள்ளைக் கொக்கு என்று ஒன்று தட்டுப்படுவதில்லை.

மடையான் இந்தக் கணக்குக்கெல்லாம் அடங்காது. வரப்பில் நிற்கும்போது சேற்றுப் பழுப்பு, கண்ணுக்கே அகப்படாது. காலடிச் சத்தம் கேட்டு எழுந்தால் இரண்டு வெள்ளை இறக்கைகள். உட்கார்ந்திருந்த பறவையும் பறந்த பறவையும் ஒன்றுதான் என்று காகிதத்தை நம்பவைப்பது கடினம். இரண்டையும் அருகருகே வரைந்து வைப்பதே வழி.

எச்சம்

வேடந்தாங்கல் ஏரி பெரியதில்லை, ஏறக்குறைய 30 ஹெக்டேர். மழைக்குப் பிறகு கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் இடுப்பளவு நீரில் நிற்கும். கரையில் நடந்துகொண்டே பைனாகுலரில் பார்த்தால் ஒரே மரத்தில் மேலே நாரை, நடுவே கொக்கு, இடையிடையே வக்காவும் நீர்க்காகமும் என்று கூடு கட்டியிருக்கும்.

அந்த மரங்களைத் தீட்டும்போது ஒரு சங்கடம். பறவைகளுக்காக விட்ட வெள்ளை போதாது. எச்சம் விழுந்து விழுந்து இலைகளும் கிளைகளும் வெளுத்திருக்கும். பருவத்தின் கடைசியில் பச்சையைத் தேட வேண்டியிருக்கும். ஆக, இலைக்கும் காகிதத்தை விட வேண்டும்.

இந்த எச்சம்தான் ஏரியைக் காப்பாற்றியது. எச்சம் கரைந்த நீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். ஊர்க்காரர்களுக்கு இது பரம்பரையாகத் தெரியும். துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டவர்கள்மீது அவர்கள் முறையிட, 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். 2022இல் இந்த ஏரி, பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஓவியத்தில் இலைமேல் விடுகிற அந்த வெள்ளைத் திட்டுகளை அழகுக்காக நீக்கிவிடலாமா என்று கை கேட்கும். நீக்கினால் ஏரியின் கதையிலிருந்து காரணம் போய்விடும்.

நீலம்

வெண்தொண்டை மீன்கொத்தி கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது பழுப்புத் தலையும் வெள்ளைத் தொண்டையும் எளிதாக வந்துவிடும். முதுகின் நீலம் வராது. எந்த டியூபிலிருந்து எடுத்தாலும் அது வண்ணமாகத் தெரியும், பறவையில் தெரிவதோ ஒளி.

காரணம் பறவையிடம் இருக்கிறது. அந்தச் சிறகில் நீல நிறப்பொருள் கிடையாது. சிறகிழையின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட அமைப்பு நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அடியில் இருக்கும் கரிய மெலனின் மற்றதை விழுங்கிக்கொள்கிறது. சிறகை இடித்துப் பொடியாக்கினால் நீலம் போய்விடும். கையில் மிஞ்சுவது கறுத்த தூள்.

கிளியின் பச்சை இன்னும் வேடிக்கை. கீழே இதே வகை அமைப்பு நீலம், மேலே மஞ்சள் நிறப்பொருள், இரண்டும் சேர்ந்து பச்சை. நீலம் காய்ந்தபின் மெல்லிய மஞ்சளை மேலே ஓடவிடும் ஓவியரின் வழக்கம் கிளியின் சிறகில் நெடுங்காலமாக நடந்துகொண்டிருக்கிறது.

மீன்கொத்தியின் முதுகுக்கு ஒரே வழி, நீர்த்த தாலோ நீலத்தை வெள்ளைக் காகிதத்தின்மேல் ஒரே வீச்சில் விட்டுக் கையை எடுத்துவிடுவது. திருப்தியில்லை என்று இரண்டாவது தடவை போனால் ஒளி அடங்கிவிடும்.

ஈரம்

நீர்வண்ணத்தில் பாதி வேலை காத்திருப்பது. நவம்பர், டிசம்பரில் ஏரிக்கரைக் காற்றே ஈரம். நீர்த்துப் பூசிய ஒரு வண்ணப் பரப்பு காயச் சோம்பல்படும். ஏப்ரலில் தூரிகையை எடுப்பதற்குள் ஓரம் உலர்ந்து கோடாகிவிடும். பருவத்துக்கு ஒரு கை வேண்டும்.

பாதி காய்ந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் அது வண்ணத்தை வெளியே தள்ளிக்கொண்டு போய்ச் சுருக்கம் சுருக்கமாக ஒரு விளிம்பு கட்டும். அதன்பின் சரி செய்ய முடியாது. எனவே காகிதத்தின் பளபளப்பைப் பார்க்க வேண்டும். பளபளப்பு அடங்கியும் உள்ளே ஈரம் இருக்கும். புறங்கையால் லேசாகத் தொட்டால் குளிர்ச்சி சொல்லிவிடும். குளிர்ச்சி போகும்வரை சும்மா இருக்க வேண்டும். ஏரியில் நடப்பவற்றில் பலவும் கண்ணில் படுவது இந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான்.

வண்ணப் பொடியைக் காகிதத்தோடு பிடித்து வைப்பது வேல மரக் குடும்பத்தின் பிசின். எதிரே நீரில் நின்று கூடுகளைத் தாங்கும் கருவேலமும் அந்தக் குடும்பம்.

மை

இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் தம் கட்டுரைகளுக்குத் தாமே மையில் படம் வரைந்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். தமிழிலும் எழுதினார். புகைப்படம் எடுத்தாலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார்.

வண்ணம் தீட்டுகிறவர் அவரிடம் கற்க வேண்டியது அதிகம். வண்ணத்தை எடுத்துவிட்ட பிறகும் அது அந்தப் பறவையாக இருக்கிறதா? மைனாவையும் சிட்டையும் வெறும் பென்சிலில் வரைந்து பார்த்தால் விடை கிடைக்கும். மைனா நடக்கும், சிட்டு தத்தும். அந்த வேறுபாடு முதுகுக் கோட்டிலேயே இருக்க வேண்டும். இல்லாத உயிரை மஞ்சள் அலகு கொண்டுவராது.

கையிலிருந்த பறவை

எலிசபெத் குவில்லிம் 1801இல் சென்னைக்கு வந்தார். கணவர் அப்போது சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி. உடன் வந்த தங்கை மேரி சைமண்ட்ஸும் ஓவியம் வரைவார். எலிசபெத் தெலுங்கு படித்தார், செடிகொடிகளை ஆராய்ந்தார், சென்னையின் பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். பல படங்கள் பறவையின் உண்மையான அளவுக்கே வரையப்பட்டவை. 1807இல் இங்கேயே இறந்தார். ஓவியர் ஆடுபனின் புகழ்பெற்ற 'அமெரிக்கப் பறவைகள்' நூல் வெளிவரத் தொடங்கியது 1827இல். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே சென்னையில் இந்தக் காரியம் நடந்து முடிந்திருக்கிறது. படங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் கிடந்து, 1920களில் லண்டனில் கண்டெடுக்கப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட பறவைப் படங்கள் இப்போது மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

பிடித்து வந்த பறவையை அருகில் வைத்துக்கொண்டு வரைந்தவர் அவர். சிறகை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. கால் செதில், கண்ணைச் சுற்றிய தோலின் நிறம் எல்லாம் அவருக்குக் கைக்கெட்டிய தூரம். பிடிபட்ட பறவை தன் இஷ்டத்துக்கு நிற்காது, மீனைப் பார்த்துக் கழுத்தை நீட்டாது. அதை ஓவியர் வேறெங்காவது பார்த்துச் சேர்க்க வேண்டும். கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு நிலை கிடைக்கிறது, செதில் கிடைப்பதில்லை. அவரவர் படத்தில் அவரவர் பார்க்காத பகுதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

குறி

தொடாமல் விட்ட இடம் என் நோட்டில் இரண்டு வகை. ஒன்று பறவையின் வெள்ளை. இன்னொன்று, பறவை எழுந்து போய்விட்டதால் நான் பார்க்காமல் போன பகுதி. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

பார்க்காததை வீட்டுக்கு வந்து நிரப்பிவிடலாம். பறவைக் கையேடு மேசையில் இருக்கிறது. பெரிய கொக்குக்கு வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், சின்னக் கொக்குக்குக் கறுப்புக் காலில் மஞ்சள் பாதம் என்று அதில் சரியாகவே இருக்கும். ஆனால் அன்று அந்தக் கொக்கின் பாதம் சேற்றுக்குள் இருந்தது. மஞ்சள் தீட்டினால் தகவல் சரி, பக்கம் பொய். அடுத்த முறை அந்தப் பக்கத்தை வைத்து எதையாவது ஒப்பிட்டால், ஒப்பிடுவது கையேட்டோடுதான் இருக்கும்.

அதனால் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். தேதி, காற்றின் திசை, நீர் எந்த மரத்தின் எந்தக் கிளைவரை என்பதோடு, பார்க்காமல் போன இடத்தில் பென்சிலால் சிறியதாக 'கா' என்று எழுதிவிடுவேன். காணவில்லை என்று பொருள். சில பக்கங்களில் கொக்கைவிட 'கா' அதிகம். படம் பார்க்க வருகிறவர்கள் அதை அழித்துவிடச் சொல்வார்கள். அழிப்பதில்லை. பல ஆண்டு கழித்து இந்த நோட்டைத் திறப்பவர் நானாகவே இருந்தாலும், எந்த வெள்ளை கொக்குடையது, எந்த வெள்ளை என்னுடையது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.