விசுவாசமும் வாரிசும்

வைப்புத்தொகைக்கு நான் தினமும் வாரிசு நியமனம் எழுதுகிறேன். விசுவாசம் அப்படிக் கைமாறுவதில்லை.

1907ல் வெளியான எட்மண்ட் காஸின் ‘தந்தையும் மகனும்’ நூலில் தகப்பன் ஃபிலிப் காஸ் கடலுயிர்களை ஆராய்ந்தவர். பிளிமத் சகோதர சபையின் கண்டிப்பான விசுவாசி. விக்கிரகத்தை வணங்கினால் கடவுள் சினம் கொள்வார் என்று அவர் சொன்னதை, சிறுவன் ஒரு நாற்காலியை வணங்கிச் சோதிக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. சோதித்து அறியும் பழக்கம் அவனுக்குத் தகப்பனிடமிருந்து வந்ததுதான். கொடுக்க நினைத்தது ஒன்று. போய்ச் சேர்ந்தது வேறு.

எங்கள் வீட்டில் இரவு தவறாமல் குடும்ப ஜெபம் உண்டு. அப்பாவின் விசுவாசம் எனக்கு வரவில்லை. வசனத்தை நிறுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம்கொடுத்து அவர் வாசித்த விதம் வந்தது. என் விமர்சனம் முழுக்க அந்த வாசிப்புதான்.

இப்போது என் மகளுக்கு ஆறு வயது. நம்பாத ஜெபத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது பொய்யா? விட்டுவிட்டாலும் அது ஒரு போதனைதானே. பிள்ளைகள் எடுத்துக்கொள்வது நாம் சொல்வதை அல்ல, நாம் இருக்கும் விதத்தை என்றால், என் சந்தேகத்தை மறைத்து ஜெபித்தால் அவள் கற்பது ஜெபத்தை அல்ல, மறைப்பதை.

ஆகவே இரவில் சங்கீதம் வாசிக்கிறேன், அப்பா வாசித்ததைப் போலவே. ‘ஆமென்’ சொல்வதில்லை. அவள் சொல்கிறாள்.