எஞ்சிய வலு யாருடையது?

சித்திரை மாதத்து நுவரெலியாவை அறிந்தவர்களுக்கு மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய பந்தயம் அது. ஒடுங்கி வளைந்து மேலேறும் பாதையில் மோட்டார் வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிட்டு ஏறும். துரைமார் காலத்தில் துரைமாரின் பொழுதுபோக்காக இருந்தது; இன்று வசதி படைத்த நம் நாட்டு இளைஞர்களின் பொழுதுபோக்காக இருக்கிறது. வேடிக்கை பார்ப்போர் கூட்டத்தில் லயத்துப் பிள்ளைகளும் உண்டு. எந்த வண்டி எத்தனை வினாடியில் ஏறிற்று என்பதைத் தம் பாடங்களைக் காட்டிலும் செவ்வையாக மனத்திற் பதித்துக்கொண்டு அவர்கள் பள்ளிக்கு வருவார்கள்.

மோட்டார்ப் பித்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அப்பித்தின் நடுவே கிடக்கும் ஓர் ஒழுக்கப் பிரச்சினையை எடுத்துப் பார்ப்பதே நோக்கம். சிறிய வண்டி ஒன்றின் யந்திரத்தில் ஓர் ஆணியைக்கூட மாற்றாமல், அதனை ஆளும் கணினியில் எழுதப்பட்ட எண்களை மட்டும் மாற்றி, அதிலிருந்து மேலும் வலுவைப் பெறலாம். இன்று உலகெங்கும் இது ஒரு தொழில். அவ்வாறு பெறப்படும் வலு எங்கிருந்து வருகிறது?

மலைநாட்டிலே யந்திரத்துக்கு மூச்சு முட்டும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் எரியக் காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் வலுவும் குறையும். கினிகத்தேனை வழியாக அட்டனுக்கு ஏறும் பாதையில் பழைய பஸ் முனகுவதைக் கேட்டிராதவர் நம்மில் யார்? இக்குறைக்குக் கண்டறியப்பட்ட மருந்துகளில் ஒன்று சுப்பர்சார்ஜர். யந்திரத்தின் சுழற்சியிலிருந்தே பட்டி வழியாகச் சிறிது வலுவைக் கடன்வாங்கி, காற்றை அழுத்தி, அதனை யந்திரத்துக்குள் திணிக்கும் கருவி அது. 2001இல் அறிமுகமாகி 2006 வரை வெளிவந்த மினி கூப்பர் எஸ் வண்டி இத்தகைய கருவியோடு வந்தது, 1.6 லீற்றர் யந்திரம் அதில் 163 குதிரைவலுவைத் தந்தது. மினி என்ற பெயரின் வரலாறு வேடிக்கையானது. 1956இன் சுயெஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, சிக்கனத்தை எண்ணி அலெக் இஸிகோனிஸ் வரைந்த சின்னஞ்சிறு வண்டி அது, 1959இல் வெளிவந்தது. சிக்கனத்துக்குப் பிறந்த குழந்தையை வேகத்துக்கு வளர்த்துவிட்டார்கள்.

அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிற் பிறந்து எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் கொழும்பிலே இந்த எண் மாற்றும் தொழிலைச் செய்கிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மறுபடியும் கதவு திறந்ததும் வாசகர் அறிந்ததே. புதியதை வாங்க இயலாதவர்கள் பழையதற்குப் புதுவலுத் தேடியதில் வியப்பில்லை. அவர் தாயார் இன்றும் கொழுந்து பறிப்பவர். தீபாவளிக்கு ஊர் வந்திருந்தபோது அவர் மடிக்கணினியைத் திறந்து அந்த எண்களை எமக்குக் காட்டினார். கட்டங்கட்டமாய் ஓர் அட்டவணை. ஒரு பக்கம் யந்திரத்தின் சுழற்சி வேகம். மறுபக்கம் அதன்மேல் உள்ள பாரம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், தீப்பொறி எத்தனை பாகை முன்னதாக விழவேண்டும் என்ற எண். வேறோர் அட்டவணையில் எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும் என்ற எண்.

“இரும்பில ஒண்ணும் கை வக்கிறதில்ல சேர். கம்பனிக்காரன் மிச்சம் வச்சிருக்கான். அதத்தான் எடுக்கிறோம்” என்றார்.

கம்பனிக்காரன் ஏன் மிச்சம் வைத்தான்? தர்ம சிந்தனையினால் அன்று. மட்டமான பெற்றோலை ஊற்றுவார்கள். பாலைவன வெயிலில் ஓட்டுவார்கள். எண்ணெய் மாற்ற மறப்பார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் தேய்ந்த பின்னும் வண்டி ஓடவேண்டும். புகைபற்றிய சட்டங்கள் வேறு. இவையனைத்தையும் எண்ணியே எண்கள் எழுதப்படுகின்றன. அவர் விளக்கியவற்றுள் ஒன்று எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பாரம் மிகும்போது யந்திரத்துக்குள் தெளிக்கப்படும் பெற்றோலில் ஒரு பங்கு எரிவதற்காக அன்று, குளிர்விப்பதற்காக. எரியாமலே ஆவியாகி அது சூட்டைத் தணிக்கிறது. கணக்குப் பார்ப்பவன் கண்ணுக்கு அது வீண்செலவு. அதைக் குறைத்து, தீப்பொறியை இரண்டொரு பாகை முன்தள்ளினால் வலு கூடுகிறது. உண்மையாகவே கூடுகிறது. கூடவே சூடும் அழுத்தமும் கூடுகின்றன. அளவு மிஞ்சினால், எரிய வேண்டிய கலவை தன் முறைக்கு முன்னரே தானாக வெடித்து உலோகத்தைத் தட்டும். கராஜ்காரர் இதனை நொக்கிங் என்பர். இத்தட்டலைக் கேட்பதற்கென்றே யந்திரத்தில் ஓர் உணர்கருவி உண்டு. கேட்டதும் கணினி தீப்பொறியைப் பின்தள்ளி வலுவைக் குறைத்துக்கொள்ளும். வலிக்கும்போது வேலையைக் குறைத்துக்கொள்ளும் உரிமையை மனிதன் இரும்புக்கு வழங்கியிருக்கிறான்!

ஆகவே எண்ணை மாற்றிப் பெறும் வலு ஆகாயத்திலிருந்து வருவதன்று. நாளைய ஆயுளின் ஒரு பங்கை இன்று எரிப்பதால் வருவது. இதை ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிடலாமா? நாம் அப்படிக் கருதவில்லை. தன் வண்டியின் மிச்சத்தைத் தானே செலவழித்து, அதன் நட்டத்தையும் தானே ஏற்பவனை யார் குறை கூறுவது? மேலும், இத்தொழிலில் ஒரு விடுதலை உணர்ச்சியும் இருக்கிறது. முத்திரையிட்டு மூடப்பட்ட பெட்டிக்குள் இருப்பது இயற்கையின் சட்டமன்று, எவனோ ஒருவன் எழுதிய எண் என்பதை லயத்தில் பிறந்த பையன் கண்டுகொண்டான். எழுதியதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்பதையும் கண்டுகொண்டான். ஆசிரியன் என்ற முறையில் இதைக் காட்டிலும் நல்ல பாடத்தை நாம் நடத்தியதாக நினைவில்லை.

வலுவை அனுபவிப்பவன் ஒருவனாகவும் மிச்சத்தை இழப்பவன் இன்னொருவனாகவும் இருக்கும்போதுதான் பிரச்சினை முளைக்கிறது. இரண்டாண்டு முறுக்கி ஓட்டிய வண்டிக்குப் பழைய எண்களைத் திருப்பி எழுதி, ஒன்றும் அறியாதவன் தலையிற் கட்டுவது ஒரு வகை. 2015 செப்டெம்பரில் அம்பலமான வொக்ஸ்வாகன் விவகாரம் இன்னொரு வகை. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டீசல் வண்டிகளின் கணினிகள், சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் நல்லபிள்ளையாக நடந்துகொண்டன. தெருவில், அமெரிக்கச் சட்டம் அனுமதித்ததைப்போல் 40 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டுகளைக் கக்கின. அங்கே செலவழிந்தது தெருவில் நடந்தவர்களின் நுரையீரல்.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கும் ஓர் எண் இருக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்பதே அது. எட்டினால் ஒரு பேர். எட்டாவிட்டால் அரைப் பேர். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டத்தின் பயன் அது. கூட்டொப்பந்தமும் அவ்வாண்டோடு முடிந்தது. அதன் பின்னர், 16 கிலோவும் 18 கிலோவும் கேட்ட தோட்டங்கள் பல 20 கேட்கத் தொடங்கின. அதே ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரிலேதான் தடை நீங்கியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செடியில் கொழுந்து குறைகிறது, எண் கூடுகிறது. மலை மாறவில்லை, கூடை மாறவில்லை, கைகளும் இரண்டே. “இரும்பில ஒண்ணும் கை வக்கிறதில்ல” என்ற வாக்கு அப்போது வேறு பொருளோடு நம் காதில் ஒலிக்கிறது.

ஒப்புமையை எல்லை மீறி நீட்டக்கூடாது என்பதை அறிவோம். யந்திரத்தைச் செய்தவன் மிச்சம் வைத்துச் செய்தான். தோட்டத்துப் பெண்ணின் உடலோ தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றுச் சோற்றிலும் ரொட்டியிலும் வளர்ந்தது. இரத்தச் சோகையும் போஷாக்கின்மையும் அங்கே புதியவை அல்ல. மிச்சம் சேர விடாத வாழ்விலிருந்து மிச்சத்தை எடுக்கிறார்கள். மரநிழலில் கால்மணி நேரம் அவள் கூடையை இறக்கி வைத்தால், மேற்பார்வையாளனின் கணக்கில் அது வீண். குளிர்விக்கும் பெற்றோலும் வீண் என்றே கணக்குப் பிள்ளைகளுக்குத் தோன்றும். அவள் முழங்காலும் இடுப்பும் தட்டும் தட்டலைக் கேட்கும் காது எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது?

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்திலே எச்சரித்தார். அவர் எச்சரித்தது வண்டியை உடையவனை. அச்சின் கருத்தை அச்சிடம் எவரும் கேட்டதில்லை.

வேலை அளவைக் கடிகாரம் வைத்து நிர்ணயிக்கும் சாத்திரத்தின் தந்தை அமெரிக்கரான பிரெடெரிக் டெய்லர். பெத்லஹேம் உருக்காலையில் ஒருவன் நாளொன்றுக்குச் சுமந்த வார்ப்பிரும்பை 12½ தொன்னிலிருந்து 47½ தொன்னாக உயர்த்தியதாகவும், கூலியை 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்த்தியதாகவும் 1911இல் எழுதிய நூலில் அவரே பெருமையோடு கூறுகிறார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. அவ்வளவு சுமக்க எட்டுப் பேரில் ஒருவனுக்கே இயலும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் அந்த டெய்லரே, அத்தகைய பாரம் சுமப்பவன் நாளின் பாதிக்கு மேற்பட்ட நேரம் கையில் சுமையின்றி இருக்கவேண்டும் என்று வரையறுத்தார். தொழிலாளரின் நண்பர் என்று எவரும் அவரைச் சொல்லமாட்டார்கள். ஓய்வு வேலையின் ஓர் உறுப்பு என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

உற்பத்திச் செலவு கூடிவிட்டது, உற்பத்தித்திறன் கூடாமல் சம்பளம் எப்படிக் கூடும் என்று கம்பனிகள் கேட்கின்றன. நியாயமற்ற கேள்வி என்று தள்ளிவிட நாம் தயாரில்லை. ஆனால் திறனைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு என்பதை மோட்டார் வண்டியே காட்டுகிறது. சுப்பர்சார்ஜர் உள்ளே அதிகக் காற்றைச் செலுத்துகிறது, கொடுத்து வாங்குகிறது. எண் மாற்றம் ஒன்றையும் கொடுப்பதில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை இன்னும் எத்தனை மலைகளில் நரைத்து நிற்கிறது! அதைப் பிடுங்கி வீ.பீ. கன்று நட்டால் சில ஆண்டுகள் வருமானம் இல்லை. மூலதனம் வேண்டும், பொறுமை வேண்டும். பெரட்டுக் களத்தில் நின்று “இன்றிலிருந்து 20” என்று சொல்வதற்கு ஒரு சதமும் செலவில்லை.

2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணயச் சபையில் எட்டிய முடிவு நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்கியது. மேலதிகமாகப் பறிக்கும் கிலோ ஒவ்வொன்றுக்கும் 50 ரூபா. நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யக்கூடிய கணக்கு இது. அளவு 18 கிலோ என்றால் ஒரு கிலோவுக்கு 75 ரூபா. 20 கிலோ என்றால் 67 ரூபா 50 சதம். காலையில் தெளிந்த உடலோடு பறித்த முதற் கிலோவுக்கு இவ்விலை. மாலையில், கால் தள்ளாடும் நேரத்தில் பறிக்கும் 21ஆவது கிலோவுக்கு 50 ரூபா. எந்தத் தொழிலிலும் மேலதிக நேரத்துக்குக் கூலி அதிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே களைப்பு ஏற ஏற உழைப்பு மலிகிறது. அளவை இரண்டு கிலோ உயர்த்தினால் கம்பனிக்கு இருமுறை லாபம்: அந்த இரண்டு கிலோவுக்குக் கொடுத்திருக்க வேண்டிய 100 ரூபா மிச்சம், எட்டாதவளுக்கு அரைப் பேர் போட்டால் அதுவும் மிச்சம்.

எண்ணை மாற்றும் முன் பழைய எண்கள் முழுவதையும் பத்திரமாகச் சேமித்து வைப்பது தம் தொழிலின் முதல் விதி என்று அந்த இளைஞர் சொன்னார். “சரி வரல்லன்னா திருப்பிப் போட்டுரலாம் சேர்.” தோட்டத்து எண்ணுக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. வர்த்தமானி ரூபாவை அச்சிடுகிறது, கிலோவை அச்சிடுவதில்லை. அது மாதத்துக்கு மாதம், மலைக்கு மலை வாய்மொழியாக மாறுகிறது. சென்ற ஆண்டு இதே மாதத்தில் எத்தனை கிலோ கேட்டார்கள் என்று தொழிற்சங்கப் பிரதிநிதியைக் கேட்டாலும் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். பேச்சுவார்த்தை மேசையில் கம்பனியிடம் புத்தகம் இருக்கிறது. தொழிலாளியிடம் ஞாபகம் இருக்கிறது.

இதற்கு நாம் பெரிய ஸ்தாபனம் ஒன்றும் அமைக்க வேண்டியதில்லை. மேல்வகுப்புப் பிள்ளை ஒவ்வொருத்தியின் வீட்டிலும் ஓர் 80 பக்கக் கொப்பி இருந்தால் போதும். தேதி, மலையின் இலக்கம், அன்று கேட்ட அளவு, தாய் பறித்த நிறை, போட்ட பேர். மழை நாளில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் தராசடியில் கழித்ததைத் தனி நிரலில் எழுதவேண்டும்.